அறுபத்து நான்கு கட்டங்களின் கணக்கு

சதுரங்கப் பலகையில் தானியமணி வைத்த கதையைக் கேளாதவர் நம்மில் அரியர். அரசன் ஒருவன், சதுரங்க ஆட்டத்தைக் கண்டு சொன்ன அறிஞனை நோக்கி, வேண்டியதைக் கேள் என்றான். அறிஞனோ, முதற் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்துக் கொண்டே போய், அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் உரிய தானியத்தைக் கேட்டான். இவ்வளவுதானா என்று எள்ளி நகைத்த அரசன், இறுதியில் கொடுக்க வகையற்று நின்றான். இக்கதையைப் பள்ளி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பட்டிமன்றப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள். மீமிசலில் நம்மிடம் ஓதிய பிள்ளைகளுக்கு நாமும் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தோம். கதையின் முடிவில், நம் இளமைக்கால உஸ்தாது ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து பெயர்த்தெழுதிய ஓர் எண்ணைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதும் வழக்கம். இருபது இலக்கங்கள் கொண்ட அவ்வெண்ணைக் கண்டு பிள்ளைகள் வாய் பிளப்பர். பாடம் அத்துடன் முடிந்துவிடும்.

ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜரத், இதை யாராச்சும் எண்ணிப் பார்த்தாங்களா?" என்று கேட்டான். நாம் விடையிறுக்கவில்லை. விடை நம்மிடம் இல்லை என்பதே உண்மை. அன்றிரவு நாம் எடுத்துப் புரட்டிய நூல்களில் கண்டதை ஈண்டு எழுதுகின்றோம்.

ஹிஜ்ரி 608இல் (கி.பி. 1211) இர்பிலில் பிறந்து, டமாஸ்கஸில் தலைமைக் காஜியாக விளங்கி, 681இல் (கி.பி. 1282) மறைந்த பேரறிஞர் இப்னு கல்லிகான் அவர்களின் 'வஃபயாத்துல் அஃயான்' என்னும் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தை நம் அரபுக் கல்லூரிகளில் பயின்றோர் அறிவர். அந்நூலில் அபூபக்ர் அஸ்ஸூலி என்பாரின் வரலாறு வருகிறது. அஸ்ஸூலி ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இலக்கியவாதி. சதுரங்கத்தில் தம் காலத்தில் நிகரற்றவர். அவருடைய ஆட்டத் திறனைக் கேள்வியுற்ற மக்களிற் பலர், சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்று நம்பிவந்தனராம். அது பிழை என்று இப்னு கல்லிகான் திருத்துகிறார். அதனை அமைத்தவர் ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்னும் இந்தியர் என்றும், ஷிஹ்ராம் என்னும் மன்னனுக்காக அமைத்தார் என்றும் கூறி, தானியக் கதையை விரிக்கிறார். அரசன் ஈற்றில் அவ்வறிஞனை நோக்கி, நீ கண்ட ஆட்டத்தினும் நீ கேட்ட பரிசே வியப்புக்குரியது என்னும் கருத்துப்படப் பேசுவதாகவும் அதில் வருகிறது.

ஸிஸ்ஸா என்றோர் அறிஞன் மெய்யாகவே இருந்தானா? வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. சதுரங்கம் நம் நாட்டில் பிறந்து, ஈரான் வழியாக அரபு நாடுகளை அடைந்து, 'ஷத்ரன்ஜ்' எனப் பெயர் திரிந்தது என்பது மட்டும் அறிஞர் பெரும்பாலோர் ஒப்புவது. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரிலும் கோயிலோடு ஒட்டிய சதுரங்கக் கதை ஒன்று வழங்குகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்கப் போட்டி நடந்தபோது அது பலராலும் பேசப்பட்டது. பெயர்கள் கதைக்குக் கதை மாறுகின்றன. மாறாமல் நிற்பது அந்த எண் ஒன்றே.

நம்மைத் தடுத்து நிறுத்தியது கதையன்று. அதனை அடுத்து இப்னு கல்லிகான் எழுதியிருப்பதுதான். இப்பெருக்கத்தைக் குறித்துத் தம் உள்ளத்தில் ஐயம் இருந்துவந்ததாக அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். உலகத் தானியமெல்லாம் போதாது என்பது மிகைக்கூற்றாயிருக்கும் என்றே அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு இஸ்கந்தரிய்யா நகரத்துக் கணக்கர் ஒருவர் அவரைச் சந்தித்து, ஒரு தாளில் கணக்கை எழுதிக் கொண்டுவந்து காட்டினார். அதன் பின்னரே ஐயம் நீங்கிற்று.

அத்தாளில் இருந்தது என்ன? கணக்கர் முதலில் பதினாறாம் கட்டம் வரை மணிகளை இரட்டித்தார். 32,768 மணிகள் வந்தன. அதனை ஒரு 'கதஹ்' என்னும் முகத்தலளவாகக் கொண்டார். தாம் சோதித்துப் பார்த்ததில் சரியாயிருந்தது என்றும் சொன்னார். இனி மணிகளை எண்ண வேண்டியதில்லை. கதஹை இரட்டித்தால் போதும். இருபதாம் கட்டத்தில் 16 கதஹ், அதாவது ஒரு 'வைபா' ஆயிற்று. வைபாக்கள் ஆறு சேர்ந்தது ஓர் 'இர்தப்பு'. நாற்பதாம் கட்டத்தில் 1,74,762 இர்தப்பும் மூன்றில் இரு பங்கும் வந்தன. இதனை ஒரு களஞ்சியம் என்று வைத்தார். ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள்; இவை கொண்டது ஒரு நகரம். அறுபத்து நான்காம் கட்டத்தில் 16,384 நகரங்கள்! ஒவ்வொன்றிலும் 1,024 களஞ்சியங்கள் உடைய நகரங்கள் இத்தனை இவ்வுலகில் இல்லை என்று கூறி, பூமியின் சுற்றளவு எண்ணாயிரம் பர்ஸக் என்பது கணிதத்தால் அறியப்பட்டதே என அதற்கு ஆதாரமும் காட்டுகிறார்கள். அச்சுற்றளவும் செவிவழிச் செய்தியன்று. கலீபா மஃமூனின் ஆணைப்படி ஸிஞ்சார் சமவெளியில் கயிறு பிடித்து, துருவ நட்சத்திரத்தின் உயரம் ஒரு பாகை மாறும் தொலைவை அளந்தனர் என்றும், அது 66 மைலும் மூன்றில் இரு பங்கும் ஆயிற்று என்றும் அதே நூலில் வேறோரிடத்தில் பதிந்துள்ளது. அதனை 360ஆல் பெருக்கினால் 24,000 மைல். அதுவே எண்ணாயிரம் பர்ஸக்.

ஒரு நுட்பத்தை வாசகர் கவனிக்க வேண்டும். 32,768 மணிகள் ஒரு கதஹுக்குச் சரியாயின என்பது கணக்கரின் கூற்று. அதனை எடுத்தெழுதும் காஜி, இச்செய்திக்குப் பொறுப்பு சொன்னவரையே சாரும் என்று ஒரு சிறு வாக்கியம் சேர்த்துவிடுகிறார். பெருக்கலைத் தாமே சரிபார்க்க முடியும், பார்த்தார், ஏற்றார். மணிகளைத் தாம் எண்ணவில்லை. எண்ணாததை எண்ணியதாகச் சொல்லவில்லை. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய உள்ளம் ஒரு கைப்பிடித் தானியத்திலும் அந்த ஒழுங்கைக் கைவிடவில்லை.

இதைப் படித்தபோது நம் வாழ்வில் நேர்ந்த ஒரு தவறு நினைவுக்கு வந்து நெஞ்சைச் சுட்டது. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் பாகப்பிரிவினைத் தாளொன்றை நம்மிடம் கொண்டுவந்தனர். இறந்தவருக்கு மனைவி, தாய், இரு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. எஞ்சியது ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மக்களுக்கு. சொத்தை 168 பங்காக்கினால் மனைவிக்கு 21, தாய்க்கு 28, மகன் ஒவ்வொருவருக்கும் 34, மகள் ஒவ்வொருத்திக்கும் 17. வேறொருவர் போட்ட கணக்கு. முறை சரியாகவே இருந்தது. நாம் மேலோட்டமாகப் பார்த்து ஒப்பமிட்டோம். இளைய மகளுக்குரிய 17 என்பது, படியெடுத்தவர் கைப்பிழையால் 11 ஆகியிருந்தது நம் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டியிருந்தால் 162 என்று வந்திருக்கும். கூட்டவில்லை. எழுத்தறியாத அப்பெண்மணி ஒரு கொட்டானில் 168 புளியங்கொட்டைகளை எண்ணியெடுத்து வந்து, நம் திண்ணையில் ஒவ்வொருவர் பெயருக்கும் பிரித்து வைத்துக் காட்டி, "ஆறு கொட்டை மிச்சப்படுதே, ஹஜரத்" என்றார். குரலில் கோபமில்லை. தாள் திருத்தப்பட்டது, பங்கும் முறையாகச் சேர்ந்தது. எனினும் அந்த ஆறு புளியங்கொட்டைகளை நாம் மறந்தோமில்லை.

நிற்க, எண்ணுக்கு வருவோம். இப்னு கல்லிகானுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட அபூ ரைஹான் அல்பிரூனி, கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய 'அல் ஆதாருல் பாகியா' என்னும் காலக்கணித நூலில் இதன் முழு மதிப்பையும் தந்துள்ளார். அவருக்கும் முன்னரே மஸ்ஊதி போன்ற வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறித்துள்ளனர். அல்பிரூனியின் தனிச்சிறப்பு, எவரும் எளிதில் சரிபார்க்கும் குறுக்கு வழியைக் காட்டியதாகும். அறுபத்து நான்கு முறை இரட்டித்துக் கூட்ட வேண்டியதில்லை. ஐந்தாம் கட்டத்தில் 16 மணிகள். பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. அது ஒன்பதாம் கட்டம். அதனை அதனாலேயே பெருக்கினால் 65,536. அது பதினேழாம் கட்டம். மீண்டும் அவ்வாறே பெருக்க 4,29,49,67,296; அது முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னும் ஒருமுறை பெருக்கினால் அறுபத்தைந்தாம் கட்டம், அப்படியொன்று இருந்தால், அதற்குரிய எண் கிட்டும். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதற்கு முந்திய கட்டங்களின் மொத்தம் அதனினும் ஒன்று குறைவு: 1, 2, 4 கூட்டினால் 7, அடுத்த கட்டம் 8. ஆகவே அந்த இல்லாத கட்டத்தின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் பலகை முழுவதன் மொத்தம்:

1,84,46,74,40,73,70,95,51,615.

வாய்விட்டுச் சொல்வதானால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. இஸ்கந்தரிய்யாக் கணக்கர் இறுதிக் கட்டத்தை மட்டுமே நகரங்களாக்கினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பலகை முழுவதையும் கொண்டால் நகரங்கள் ஏறக்குறைய இரு மடங்காகும்.

இவ்வளவு பெரிய எண்ணை உள்ளத்தில் நிறுத்துவது எப்படி? அல்பிரூனி, மணிகளுக்குப் பதிலாகத் திர்ஹம்களைக் கொண்டார். பத்தாயிரம் திர்ஹம் ஒரு பொற்கிழி. எட்டுக் கிழிகள் ஒரு கோவேறு கழுதைச் சுமை. பத்தாயிரம் கழுதைகள் ஒரு மந்தை. ஆயிரம் மந்தைகள் மேய ஒரு பள்ளத்தாக்கு. பத்தாயிரம் பள்ளத்தாக்குகளுக்கு ஒரு மலை. அப்படி 2,305 மலைகள் வேண்டும். பூமி அதைத் தாங்காது என்கிறார்.

நாம் நம் நெல்லுக்கு வருவோமே. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியின் பகுதியாக நெல்லிலக்கம் ஓதப்பட்டது. அதன் வாய்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம். ஆகவே நாழிக்கு 14,400 நெல். கலத்துக்கு 13,82,400 நெல். இந்த வாய்பாட்டை வைத்துப் பலகையில் ஏறினால், பதினைந்தாம் கட்டத்தில்தான் ஒரு நாழி நிறைகிறது. இருபத்திரண்டாம் கட்டத்தில் ஒரு கலம் தாண்டுகிறது. முதல் பாதிப் பலகை, அதாவது முப்பத்திரண்டு கட்டங்கள் முடியும்போது மொத்தம் ஏறத்தாழ 3,107 கலமே. ஒரு பெருநிலக்கிழார் வீட்டில் அந்நாளில் இருந்திருக்கக்கூடிய நெல்தான். கதையில் வரும் அரசன் சிரித்ததில் தவறில்லை. பாதி வழிவரை அவன் சிரித்துக் கொண்டேயிருந்திருக்கலாம். மறுபாதியோ முதற்பாதியைப் போல் 4,29,49,67,296 மடங்கு! முழுப் பலகைக்கும் சற்றொப்ப 13 லட்சத்து 34 ஆயிரம் கோடிக் கலம் வேண்டும்.

இவ்வாய்பாட்டையும் சோதிக்காமல் விடலாகாது என்று தோன்றிற்று. ஆவுடையார்கோவில் வட்டத்துக் கண்மாய் வயலில் விளைந்த நெல்லில் ஓர் ஆழாக்கு அளந்து, பிள்ளைகள் ஆறு பேரைச் சுற்றி அமர்த்தி எண்ணச் சொன்னோம். வாய்பாட்டின்படி 1,800 வர வேண்டும். 1,800 எண்ணி முடித்தபோது ஆழாக்கில் பாதிக்கு மேல் நெல் மீந்திருந்தது. கடற்காற்று ஒருமுறை வீசி எண்ணியதைக் கலைத்துவிட்டதால் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணினர், அப்போதும் அப்படியே. பிள்ளைகள் வாய்பாடு பொய் என்றனர். பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். நாழியும் மரக்காலும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறுபட்டவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்றே பெயரிட்ட ஒரு மரக்கால் குறிக்கப்படுவதும் எந்த மரக்கால் என்று சொல்ல வேண்டியிருந்ததால்தான். நெல்லும் குண்டும் சன்னமுமாகப் பலவகை. ஆகவே நம் கலக் கணக்கு வாய்பாட்டுக் கலத்துக்கே பொருந்தும். அதன் பொறுப்பு வாய்பாட்டையே சாரும்!

எடையால் பார்ப்பது இன்னும் உறுதியான வழி. ஆயிரம் நெல் சுமார் 25 கிராம் நிற்கும். அவ்வாறாயின் பலகை முழுவதற்கும் ஏறக்குறைய 46,000 கோடி டன். இன்று உலகம் முழுதும் ஓராண்டில் விளையும் நெல் சுமார் 80 கோடி டன். ஒரு மணியும் உண்ணாமல் சேர்த்து வைத்தாலும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே இப்னு கல்லிகானின் நூல் கூறிய முடிவு இன்றைக்கும் நிற்கிறது.

இந்த எண்ணின் உள்ளமைப்பும் அழகானது. ஐந்தில் முடிவதால் ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87. ஆகவே மூன்றாலும் வகுபடும். இவை தற்செயலானவை அல்ல. முதற்பாதிப் பலகையின் மொத்தம் 4,29,49,67,295. அதனுடன் இரண்டைக் கூட்டி, வந்த எண்ணால் அதனையே பெருக்கினால் முழுப் பலகையின் மொத்தம் வந்துவிடும். முதற்பாதியின் மொத்தமும் அவ்வாறே 65,535ஐ 65,537ஆல் பெருக்கியது. அது 255 பெருக்கல் 257. அது 15 பெருக்கல் 17. அது 3 பெருக்கல் 5. ஆக, முழு எண்ணும் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கற்பலன். பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்துகொண்டே போகிறது.

இந்த ஆறனுள் முதல் ஐந்தும் வேறெதனாலும் வகுபடாத பகா எண்கள். பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரில் நீதிமன்ற உறுப்பினராயிருந்த ஃபெர்மா என்னும் கணித மேதை, இவ்வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தாம் என்று 1640இல் கருத்துரைத்தார். ஆனால் நிறுவவில்லை. ஐந்து சரியாயிருக்க, ஆறாவதை ஐயுறுவார் யார்? தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது. 1732இல் ஆய்லர் என்னும் மற்றொரு மேதை வகுத்துப் பார்த்தார். ஆறாவது எண் 641ஆல் மீதியின்றி வகுபட்டது, ஈவு 67,00,417. ஐயமுடையோர் ஒரு தாளில் பெருக்கிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. ஃபெர்மாவின் கூற்று அங்கே முறிந்தது. பெருமேதை ஒருவரின் பிழையும் நம் சதுரங்க எண்ணின் உள்ளேயே புதைந்து கிடக்கிறது என்பது நமக்குப் பெருவியப்பு.

இவ்வெண் ஐரோப்பாவுக்குப் போன வழியும் நம் நூல்கள் வழிதான். வட ஆப்பிரிக்காவின் பிஜாயா துறைமுகத்தில் இளமையில் கணக்குப் பயின்ற பிபொனாச்சி, 1202இல் எழுதிய நூலில் சதுரங்க இரட்டிப்பைக் கணக்காகச் செய்து காட்டினார். இத்தாலியக் கவிஞர் தாந்தே, எண்ணற்ற வானவர்களைக் குறிக்க இதனை உவமையாக்கினார். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியும் இதனை அறியும். அதன் கணிப்பொறி அறுபத்து நான்கு இடங்களில் எண்ணைப் பதிகிறது. ஒவ்வோர் இடமும் முந்தியதன் இரு மடங்கு. அவ்விடங்கள் எல்லாம் நிரம்பினால் அதில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் ஸிஸ்ஸா கேட்ட அதே எண்தான். அதற்கு மேல் ஒரு மணி சேர்த்தால் இடமில்லாமல் எல்லாம் சுழியாகிவிடும்.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு மறுவாரம் பிள்ளைகள் முன் நின்றோம். கேள்வி கேட்ட அச்சிறுவனைக் கரும்பலகைக்கு அழைத்து, அல்பிரூனி காட்டிய வழியில் பதினாறிலிருந்து தொடங்கிப் பெருக்கச் சொன்னோம். கைபேசியில் பார்க்கிறேன் என்றான். அது கடைசி இலக்கங்களை விழுங்கிவிட்டுச் சுருக்கிக் காட்டியது. ஆகவே கையாலேயே பெருக்கினான். இரண்டு இடங்களில் தவறி, அழித்து, மீண்டும் போட்டான். முடிந்ததும் ஒன்றைக் கழித்தான். பிறகு நம் குறிப்பேட்டை வாங்கி, இலக்கம் இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டான். பத்தொன்பது இலக்கங்கள் ஒத்திருந்தன. கடைசியில் அவன் எண்ணில் 5 இருந்தது. நம் குறிப்பேட்டில் 6 இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நாம் எழுதிக் காட்டியது பலகையின் மொத்தமன்று. பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டம்.

அவனிடமே பேனாவைக் கொடுத்துத் திருத்தச் சொன்னோம். தயங்கித் தயங்கி ஆறை அடித்து, மேலே ஐந்து என்று எழுதினான்.